உறைபனிக் காலையில் ஒரு மணி நேரம்

சமவெளியில் வாழும் நம் நண்பர்களுக்கு மார்கழியும் தையும் பனிக்காலமேயாயினும், அவர்கள் அறிந்த பனி, விடியலில் புல்நுனியில் முத்துப்போல் நின்று, கதிரவன் எழுந்ததும் ஒருவருக்கும் தீங்கிழையாமல் மறைந்துபோகும் பனியே ஆகும். போர்வையை இன்னும் சற்று இழுத்துப் போர்த்துக்கொள்வதற்கு மேல் அது நம்மிடம் எதனையும் கேட்பதில்லை. நான் பிறந்து வளர்ந்த நீலகிரியிலோ நிலைமை வேறு. அங்கே பனிக்கு இரு பெயர் உண்டு. நீராய் நிற்பதை நீர்ப்பனி என்றும், வெண்மையாய் உறைந்து கிடப்பதை உறைபனி என்றும் எங்கள் ஊரார் கூறுவர். முன்னது வந்ததும், பின்னது வரப்போகிறதே என்று அஞ்சுவர். அவ்வுறைபனியைச் சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் மிக அணுகிநின்று படம் பிடித்தேன். அப்படங்களுட் சிலவற்றைக் கண்ட விடுதி நண்பர்கள், அவை எங்ஙனம் எடுக்கப்பட்டன என்பதனை நம் சஞ்சிகைக்கு எழுதித் தருமாறு கேட்டனர். எடுத்த விதத்தை எழுதப் புகுந்தவன், எடுத்ததனால் விளைந்ததை எழுதாது விடுதல் முறையன்று. ஆதலால் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நகரைவிட்டுச் சற்று விலகி, ஒரு பள்ளத்தின் அடியில் எங்கள் சிறு வீடு இருக்கின்றது. வீட்டின் பின்புறம் 8 சென்ட் நிலம். என் தந்தையார் காய்கறி லாரி ஓட்டுபவர். மாலையில் புறப்பட்டு மேட்டுப்பாளையம் சென்று மறுநாள் பகலில் திரும்புவார். ஆகவே நிலம் முழுவதும் என் தாயாருடைய பொறுப்பு. பிறர் தோட்டங்களுக்குக் காரட் அறுவடைக் கூலிக்குச் சென்று திரும்பிய பின், எஞ்சிய பொழுதையெல்லாம் அவர் இந்த 8 சென்டிற்கே கொடுப்பார். அவ்வாண்டு ஒரு பாதியில் உருளைக்கிழங்கும், மறு பாதியில் பீன்ஸும் நான்கு வரிசை காரட்டும் நின்றன. வேலியோரமாகப் பட்டாணிக்கொடி படர்ந்திருந்தது. கிழங்கும் பீன்ஸும் விற்ற பணத்தில் என் விடுதி உணவுக் கட்டணத்தைச் செலுத்துவது என்பது அவருடைய கணக்கு.

உறைபனி உண்டாகும் விதத்தை இங்கே சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலமும் இலைகளும் தாம் பகலிற் பெற்ற வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை அது கீழே திருப்பியனுப்பும். தெளிந்த வானத்திலிருந்து திரும்பி வருவது மிகக் குறைவு. ஆகவே இலையின் மேற்பரப்பு, தன்னைச் சூழ்ந்த காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகிறது. அக்குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்குமாயின், காற்றிலுள்ள நீராவி இடையில் நீராகாமலே நேரே பனிக்கட்டியாய் இலைமேற் படியும். குளிர்ந்த காற்று கனமுடையதாதலின், சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களிலே தேங்கும். எங்கள் அடுக்களையின் வெளிச்சுவரில் ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும்பொழுதே, கீழே புல் வெள்ளைவெளேரென்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

இப்பனியைப் பிள்ளைப்பருவம் முதல் கண்டிருந்தும், அதனைப் படம் பிடிக்கவேண்டும் என்னும் ஆவல் எனக்கு ஒரு மனிதருடைய வரலாற்றைப் படித்த பின்னரே தோன்றியது. அமெரிக்க நாட்டில் வெர்மாண்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வில்சன் பென்ட்லி என்றொரு உழவர் வாழ்ந்தார். அவர் 1865-இல் பிறந்தவர். நுண்ணோக்கியோடு காமிராவை இணைத்து, 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், தம் 19-ஆம் வயதில், தனியொரு பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். அந்நுண்ணோக்கி அவருடைய தாயார் அளித்தது. காமிராவின் விலையோ 100 டாலர். உழுது பிழைக்கும் தந்தையாருக்கு அச்செலவு சிறுபிள்ளையின் வீண்விருப்பமாகவே தோன்றிற்று; ஆயினும் தாயாரின் முயற்சியால் அது வாங்கப்பட்டது. பின்னர் 46 ஆண்டுகள், குளிர்காலந்தோறும், அனல் மூட்டாத குளிர்ந்த கொட்டகையில் நின்று, 5,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார் அவர். அவற்றுள் ஏறக்குறைய பாதி அடங்கிய பெருநூல் 1931-இல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் காலமானார். ஓர் உழவர் தம் வீட்டுப் பின்புறத்திலேயே செய்து முடித்த இக்காரியம், என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. ‘நமக்கும் ஒரு புழக்கடை உண்டு, அதில் பனியும் உண்டு’ என்று எண்ணிக்கொண்டேன்.

என்னுடைய காமிரா பிறர் வைத்திருந்து விற்ற பழைய டிஜிட்டல் காமிரா. அணுகிநின்று படம் பிடிப்பதற்குரிய மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை. லென்ஸிற்கும் காமிராவிற்கும் இடையே பொருத்தும் வெற்று வளையங்கள் சிலவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். லென்ஸை முன்னே தள்ளி வைக்கவைக்க, அது மேலும் மேலும் அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் என்பதே அவ்வளையங்களின் தத்துவம். இங்ஙனம் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பொருள், காமிராவின் உள்ளே ஒளியை ஏற்கும் தகட்டின்மேல் ஒரு சென்டிமீட்டராகவே விழுமாறு செய்யலாம். ஆனால் இதற்கு இரண்டு விலை கொடுக்கவேண்டும். உள்ளே சேரும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். தெளிவாய் விழும் ஆழமோ ஒரு மில்லிமீட்டர் அளவே நிற்கும். இலையின் ஓரம் தெளிவாயிருந்தால் நடுநரம்பு மங்கிவிடும்; நடுநரம்பைப் பிடித்தால் ஓரம் புகையாய்விடும். இந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்லவேண்டியிருக்கும்.

விடுமுறையின் இரண்டாம் நாள் மாலை, வானத்தில் ஒரு முகிலும் இல்லை. காற்றும் அடங்கியிருந்தது. கூலி வேலையினின்றும் திரும்பிய தாயார் புழக்கடையில் நின்று வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“கண்ணு, இன்றைக்குப் பனி கொட்டும். நீ எப்படியும் அந்தக் காமிராவைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் எழுந்துவிடுவாய். எழுந்ததும் என்னையும் எழுப்பிவிடு. வெயில் படுமுன் இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். பீன்ஸ் இப்பொழுதுதான் பூ எடுத்திருக்கிறது” என்றார்.

“சரி அம்மா” என்றேன்.

செடிகளை மூடுவதற்குரிய சாக்குகள் பரண்மேல் கிடந்தன. எடுத்துத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை; களைத்திருந்த அவரும் சொல்லவில்லை. அவர் அடுப்பருகிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

காலை 5.40 மணிக்குக் கதவைத் திறந்தேன். நிலா மறைந்து, கிழக்கே வானம் சிறிது வெளுத்திருந்தது. கையிலிருந்த விளக்கின் ஒளியில், புழக்கடை முழுவதும் உப்பு இறைத்தாற்போல் காட்சியளித்தது. காலடியில் புல் நொறுங்கும் ஓசை கேட்டது. காமிராவின் மின்கலம் குளிரில் விரைவில் சோர்ந்துவிடும் என்று அறிந்திருந்தேனாகையால், இரண்டாவது மின்கலத்தைச் சட்டைப்பையினுள் உடம்பின் சூட்டில் வைத்திருந்தேன். முக்காலியைத் தாழ்த்தி, மண்டியிட்டு, முதலில் பட்டாணியின் சுருள்கொடியை நோக்கினேன்.

அன்பர்களே, வெறுங்கண்ணுக்கு வெறும் வெள்ளைப் பூச்சாய்த் தோன்றியது, லென்ஸின் வழியே ஒரு நகரமாய் விரிந்தது. கொடியின் நெடுகிலும் ஊசிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வோர் ஊசியின்மேலும் அதனினும் சிறிய ஊசிகள் கிளைத்திருந்தன. உருளைக்கிழங்கின் இலைமேலுள்ள மென்மயிர் ஒவ்வொன்றும் தன் நுனியில் ஒரு பளிங்குமணியைத் தாங்கியிருந்தது. வேலிக்கம்புகளுக்கிடையே சிலந்தி கட்டிய வலை, பருத்த வெண்ணூலால் பின்னியதுபோல் தொங்கிற்று. ஒரு புல்லின் ஓரத்தில் ஆறு பக்கமுள்ள சிறுசிறு தகடுகளையும் கண்டேன். பனிக்கு ஆறு மூலை அமைவது ஏன் என்று வானநூலறிஞர் கெப்ளர் 1611-ஆம் ஆண்டிலேயே ஒரு சிறுநூல் எழுதினார் என்பது நினைவுக்கு வந்தது. நீரின் மூலக்கூறுகள் உறையும்பொழுது ஆறாறாய்க் கைகோத்து அடுக்கப்படுவதே காரணம் என்பதனை அவருக்குப்பின் 300 ஆண்டுகள் கழித்தே உலகம் கண்டது. அவ்வாறு மூலைகளும் இதோ என் தாயாரின் காரட் வரிசைக்கருகில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன.

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்லவேண்டும். தாயாரை எழுப்பவேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும். எழுந்தவுடனே அது நினைவிலிருந்தது. முதற்படம் எடுத்தபின்னும் இருந்தது. ஆனால் அவர் எழுந்தால் குடமும் வாளியும் வரும். தண்ணீர் பட்டால் இந்நகரமெல்லாம் ஒரு நொடியில் அழிந்துபோகும். ஆகவே, ‘பாவம், களைத்து உறங்குகின்றார், இன்னும் பத்து நிமிடம் உறங்கட்டும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் விருப்பத்திற்கு இரக்கம் என்னும் போர்வையைப் போர்த்தினேன். அப்பத்து நிமிடம் கழிந்ததும் இன்னுமொரு பத்து நிமிடம் கேட்டேன். அதனையும் எனக்கு நானே தந்துகொண்டேன்.

அன்று நான் எத்துணை எச்சரிக்கையோடிருந்தேன் என்பதனை எண்ணினால் இப்பொழுது வியப்பாயிருக்கின்றது. என் மூச்சுக்காற்று பட்டால் ஊசிகள் உருகிவிடும் என்று, பொத்தானை அழுத்துந்தோறும் மூச்சை அடக்கினேன். என் நிழலும் உடற்சூடும் அணுகாவண்ணம் பக்கவாட்டில் சாய்ந்தேன். விரல்கள் மரத்துப்போயின, அக்குளில் வைத்து அவற்றைச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினேன். ஒரு பனியூசி முறியாதிருக்க இவ்வளவு பாடுபட்டவன், அவ்வூசி எந்த இலையின்மேல் நிற்கிறது என்பதனை நினைக்கவில்லை.

7 மணிக்குப்பின் கதிரவன் எதிர்மலையின்மேல் எழுந்தான். படிகங்களின் பின்னிருந்து ஒளி பாய்ந்தபொழுது, ஒவ்வொன்றும் வண்ணவண்ணமாய் எரிந்தது. நண்பர்கள் புகழும் படங்கள் அந்த ஐந்து நிமிடத்தில் எடுக்கப்பட்டவையே. தலை நிமிர்ந்து பார்த்தபொழுது, தாயார் கதவருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, அறியேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொட்டியருகே சென்று குடத்தில் நீர் மொண்டு, பீன்ஸ் வரிசையின் முதற்செடியிலிருந்து தெளிக்கத் தொடங்கினார். நான் காமிராவை வைத்துவிட்டு மற்றொரு வாளியோடு ஓடினேன். வெயில் எங்களை முந்திக்கொண்டிருந்தது.

நண்பகலுக்குள் பீன்ஸ் இலைகள் வெந்நீரில் அமிழ்த்தி எடுத்தவைபோல் கருமை பாய்ந்து துவண்டன. மாலைக்குள் உருளைக்கிழங்கின் தழையும் கறுத்துச் சாய்ந்தது. குளிரைத் தாங்கவல்ல காரட் மட்டும் ஒன்றும் நிகழாததுபோல் நின்றது. பட்டாணியில் பூக்கள் போயின; கொடி பிழைத்தது. பீன்ஸ் முற்றும் அழிந்தது. தழை இறந்தபின் கிழங்கு பருக்காதாகையால், சில நாட்களில் அதனையும் தோண்டினர். பாதிக்குமேல் எலுமிச்சையளவே இருந்தன. என் உணவுக் கட்டணத்திற்குத் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்றார். அக்கடனின் தவணையை அவர் இன்றும் செலுத்திவருகின்றார்.

அன்றிரவு படங்களை அவருக்குக் காட்ட எனக்குத் துணிவில்லை. அவரே கேட்டார். அடுப்பருகில் அமர்ந்து, காமிராவின் சிறு திரையில் ஒவ்வொன்றாய்க் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்தார். கதிரொளி பாய்ந்த படம் வந்தபொழுது, “இத்தனை அழகாகவா வந்து கொன்றது!” என்றார். அச்சொல்லில் கோபம் இல்லை, வியப்பே இருந்தது. அடுத்த படத்தில் திரையைத் தொட்டு, “இது மூன்றாம் வரிசையில் கடைசிச் செடி. இதோ, புழு தின்ற ஓட்டை இருக்கிறது பார். போன வாரந்தான் அந்தப் புழுவை எடுத்துப்போட்டேன்” என்றார். வேறொன்றைக் கண்டு, “இது முளைக்காதென்று நினைத்தது, தாமதமாக வந்த செடி” என்றார். 143 படங்கள் எடுத்திருந்தேன். அவற்றுள் இலை தெரிந்த படம் ஒவ்வொன்றிலும் இன்ன செடி என்று அவர் ஏறக்குறையச் சொல்லிவிட்டார்.

நண்பர்காள், அப்பொழுதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அணுகிப் பார்த்தல் என்னும் கலையை அப்புழக்கடைக்கு நானே முதன்முதல் கொண்டுவந்தேன் என்று செருக்குற்றிருந்தேன். நான் அணுகிப் பார்த்தது ஒரு மணி நேரம். அவர் மூன்று மாதமாக நாள்தோறும் குனிந்து, லென்ஸ் இன்றியே அணுகிப் பார்த்துவந்தவர். நான் பார்த்தது ஒரு மில்லிமீட்டர் ஆழம். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவையெல்லாம் எனக்குப் புகை. அவரோ புழுத்துளையையும் பார்த்தார், வரிசையையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார், இன்னும் இரண்டு மாதம் கழித்துக் கட்டவேண்டிய என் கட்டணத்தையும் பார்த்தார்.

மறுநாள் இரவும் வானம் தெளிந்தே இருந்தது. பரண்மேலிருந்த சாக்குகளை இறக்கி, எஞ்சிய பட்டாணியை இருவருமாக மூடினோம். 4.30 மணிக்கு நானே அவரை எழுப்பினேன். வெளியே தெரிந்த இடங்களில் தண்ணீர் தெளித்தோம். வேலை முடிந்தபின் ஒரே ஒரு படம் எடுத்தேன். அது குடத்துநீரில் நனைந்து, குளிரில் வெடித்த அவருடைய கையின் படம். ஒளி போதாமையால் அது சற்று மங்கலாகவே விழுந்தது. பொறுக்கியெடுத்த படங்களில் அதனை நான் சேர்க்கவில்லை. ஆயினும் அழிக்கவும் இல்லை.

கல்லூரிக்குத் திரும்பிய பின், தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் நிகழ்ந்ததைக் கூறினேன். இலையின் திசுக்களுக்குள் பனிக்கட்டி உண்டாகும்பொழுது, அது உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுத்து அவற்றின் சவ்வுகளைச் சிதைத்துவிடுகிறது என்றும், அங்ஙனம் சிதைந்த இலையைப் பின்னர்த் தெளிக்கும் நீர் உயிர்ப்பிக்காது என்றும் அவர் விளக்கினார். நீர் தெளித்துப் பயிரைக் காப்பவர்கள், உறைவதற்கு முன்னரே தொடங்கி விடாது தெளிக்கவேண்டும். நீர் உறைகையில் கிராம் ஒன்றிற்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதே இலையைக் காக்கும் என்றார். ஆகவே 5.40 மணிக்கு நான் எழுப்பியிருந்தாலும், பீன்ஸ் பிழைத்திருக்குமென்று உறுதி கூற இயலாது.

இதனைக் கேட்டு முதலில் என் நெஞ்சின் பாரம் இறங்கினாற்போலிருந்தது. அன்று மாலையே தொலைபேசியில் தாயாரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “சரி கண்ணு. ஆனால் அடுத்த முறை எழுப்பிவிடு” என்றார். அவ்வளவே. அறிவியல் என் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யலாம். சொன்ன சொல்லைக் காவாத கடன் வேறு கணக்கு என்பதனை அவ்வொரு வாக்கியத்தில் அவர் உணர்த்திவிட்டார்.

இவ்வாறு படம் பிடிக்க விரும்பும் நண்பர்களுக்கு நான் கற்றவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். மின்கலத்தைச் சூடாக வைத்துக்கொள்க. பொத்தானை அழுத்தும்பொழுது மூச்சை அடக்குக. குளிர்ந்த காமிராவை வீட்டினுள் கொண்டுவருமுன் பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டுக. இன்றேல் அறையின் ஈரம் லென்ஸின்மேல் நீராய்ப் படியும். இலையின் ஓரத்தை நோக்குக. பனி அங்கேதான் மிகுதி. இத்தனைக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. நம் காமிராவின் முன் நிற்கும் இலை யாருடையது என்று கேட்டறிக; அவர் உறங்கிக்கொண்டிருந்தால், முதலில் அவரை எழுப்புக. அதன்பின் எஞ்சும் பனி எவ்வளவோ அவ்வளவே நம்முடையது. அஃது ஒரு புல்நுனியளவாயினும், லென்ஸிற்கு அது போதும்.